மழை கனக்கும், காற்று கனக்காது

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், குன்னூரில் இருந்தபடியே சில வருடங்களாகப் போலந்துக்காரர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்று. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடுவோம். போலந்துக்காரர்கள் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தால் நாம் விழுகிற இடமும் கூடவே தெரிந்துவிடும், அதனால் மற்ற வாசகர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

டீச்சர், பெங்களூரில் கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். நானும் உங்களைப் போலவே போலந்துக்காரர்களுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். எல்லோரும் நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறார்கள், இலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரிகிறது. "எங்களுக்கு அட்வான்ஸ்டு வொக்காபுலரி வேண்டும், வாரம் இருபது இடியம் (மரபுத்தொடர்) கொடுங்கள்" என்கிறார்கள். பட்டியல் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் அடுத்த வாரம் ஒன்றுகூட அவர்கள் பேச்சில் வருவதில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?
— வாசகி, கோத்தகிரி

பட்டியலில்தான் தவறு, உங்களிடம் இல்லை. இருபது இடியம் கேட்பவருக்கு இருபது கொடுத்தால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் திருப்தியாக இருக்கும், மறுவாரம் ஒன்றும் மிச்சமிருக்காது.

முதலில் அவர்கள் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1989 வரைக்கும் போலந்துப் பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயம், அதற்குப் பிறகுதான் அந்த இடத்துக்கு ஆங்கிலம் வந்தது. உங்கள் மாணவர்கள் முப்பது நாற்பது வயதுக்காரர்களாக இருந்தால், பள்ளியிலேயே ஆங்கிலத்தை ஒழுங்காகப் படித்து, ஐரோப்பியர்கள் மொழித்தேர்ச்சியை அளக்கிற ஆறு படிகளில் நான்காவதான பி2-வைத் தாண்டிவிட்டு, சி1 படியில் கால் வைக்கிறேன் என்று நிற்பவர்கள். அந்த இடம் ஒரு மேட்டு நிலம் மாதிரி. கீழிருந்து ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் உயரம் தெரியும், மேட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு நடந்தாலும் ஏறுகிற மாதிரியே தெரியாது. அந்தத் தவிப்பில்தான் இடியம் கேட்கிறார்கள். இடியம் போட்டால் ஆங்கிலேயர் மாதிரி ஆகிவிடலாம் என்று நினைக்கிறார்கள், நாமும் பள்ளியில் கட்டுரை நோட்டில் அப்படித்தான் நினைத்தோம்.

"ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்று சொல்லிக்கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது, வாயில் வைத்துப் பேசுகிறவர்தான் குறைவு. மழை கொட்டினால் "இட்ஸ் போரிங்" என்பார்கள், ஊற்றுகிற அர்த்தத்தில், அலுப்புத் தட்டுகிற "போரிங்" வேறு. பிரிட்டனில் "பக்கெட்டிங் டவுன்" என்றும் சொல்வார்கள். போலிஷிலும் மழை தொட்டியிலிருந்து கவிழ்த்த மாதிரி ஊற்றுகிறது என்றுதான் சொல்கிறார்கள். அதை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அப்புறம் "பக்கெட்டிங் டவுன்" கொடுத்துப் பாருங்கள், ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கிற படத்தின் மேல் ஆங்கிலத்தை ஒட்டினால்தான் நிற்கும், வெறும் சுவரில் ஆணியடிக்க முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது இடியத்தைப் பற்றியே அல்ல. அவர்களுடைய உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. போன ஜூலையில் ஒரு மாணவர், என் ஜன்னலில் மழைச்சத்தம் கேட்டுவிட்டு, "யூ ஹேவ் ஸ்ட்ராங் ரெயின்" என்றார். நல்ல படிப்பாளி, பொறியாளர், "நெவர்தெலஸ்" எல்லாம் சரளமாக வரும். போலிஷில் மழை பலமாகப் பெய்யும், அதை அப்படியே எடுத்து வந்துவிட்டார். ஆங்கிலத்தில் மழை "ஹெவி". நமக்கு இதில் சிக்கல் வருவதில்லை, கனமழை என்று தினமும் கேட்டுப் பழகியவர்கள் நாம், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தபோது அந்தச் சொல்லின் முழு எடையும் தெரிந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேர் "ஹெவி விண்ட்" என்று எழுதுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? தமிழில் பலத்த காற்று என்றுதான் சொல்கிறோம், இருந்தாலும் மழைக்குப் போட்ட "ஹெவி"யைக் காற்றுக்கும் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் காற்று "ஸ்ட்ராங்" தான். போலந்துக்காரர் மழையில் வழுக்குகிறார், நாம் காற்றில் வழுக்குகிறோம்.

இந்த மாதிரி இணைகளைத்தான் சொல்லித்தர வேண்டும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து நிற்கும் என்பது. டீ "ஸ்ட்ராங்", புகை பிடிப்பவர் "ஹெவி", போக்குவரத்து "ஹெவி", உச்சரிப்பு மட்டும் இரண்டுமாக இருக்கலாம். போட்டோவை நாம் எடுக்கிறோம், ஆங்கிலேயரும் எடுக்கிறார், போலந்துக்காரர் செய்கிறார், அதனால் "மேக் எ போட்டோ" என்று பத்து வருடம் ஆங்கிலம் படித்தவரும் சொல்வார். கோத்தகிரியில் இருக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை: கொழுந்து கிள்ளும்போது தனி இலையாகவா பறிக்கிறோம்? இரண்டு இலை, ஒரு மொட்டு, ஒன்றாகத்தான் கூடைக்குப் போகும். சொல்லையும் அப்படி அக்கம்பக்கத்தோடு கிள்ளச் சொல்லுங்கள். "டிசிஷன்" என்று நோட்டில் எழுதினால் அடித்துவிட்டு, "மேக் எ டிசிஷன்", "எ டஃப் டிசிஷன்", "ஸ்டிக் டு எ டிசிஷன்" என்று எழுதவையுங்கள்.

அந்த "எ"யைக் கவனித்தீர்களா? போலிஷில் "எ", "தி" இரண்டும் கிடையாது, நமக்கும் கிடையாது. சாதாரணப் பேச்சில் அதை விட்டால் ஆங்கிலேயருக்குப் புரிந்துவிடும், மன்னித்துவிடுவார். இடியத்தில் விட்டால் இடியமே உடைந்துபோகும். "அண்டர் தி வெதர்" என்றால் உடம்பு சரியில்லை, "தி" போனால் அர்த்தமே இல்லை. "எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்" என்றால் சில நண்பர்கள் இருக்கிறார்கள், "ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்" என்றால் நண்பர்களே அதிகம் இல்லை என்று வருத்தப்படுகிறார். ஓர் எழுத்துதான். சி1 மாணவர்களிடம் இதில் கண்டிப்பாக இருங்கள், அதற்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். கோடையில் அவர்கள் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் அப்படி. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அந்த இரண்டு ஞாயிறுகளையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், நம் ஊரில் கடிகாரம் மாறுவதே இல்லை என்பதால் மறந்துபோகும், வகுப்பு தவறும்.

டீச்சர், வில்பட்டி பக்கம் சின்னதாக ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். போலந்திலிருந்து நான்கு பேர் வந்து தங்கினார்கள். "இவென்ச்சுவலி வீ வில் ஹேவ் டின்னர் ஹியர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படியும் வந்து சாப்பிடுவார்கள் என்று என் மனைவி நான்கு பேருக்குச் சப்பாத்தியும் குருமாவும் செய்து ஒன்பதரை வரை காத்திருந்தார். வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கேட்டால் அவர்களுக்கே ஒன்றும் புரியவில்லை. போகும்போது விருந்தினர் நோட்டில் "ஓனர் ஈஸ் வெரி சிம்பதெட்டிக்" என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் யாருக்கும் இரங்கல் சொல்லவில்லையே? இன்னொன்று, பக்கத்து விடுதியில் சண்டை நடந்தபோது அவர்களில் ஒருவர் "நாட் மை சர்க்கஸ், நாட் மை மங்கீஸ்" என்றார். குரங்கு வந்துவிட்டது என்று நான் ஓடிப்போய் ஜன்னலை மூடினேன்.
— வாசகர், கொடைக்கானல்

உங்கள் மனைவியிடம் முதலில் சொல்லுங்கள், அவர் புரிந்துகொண்டது சரியான ஆங்கிலம். விருந்தினர் பேசியதும் அவர் மொழிக்குச் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரே உடை போட்ட இரண்டு சொற்கள் நின்றதுதான் கோளாறு.

போலிஷில் "எவெந்துஆல்னியே" என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருவேளை, தேவைப்பட்டால், வேறு வழியில்லை என்றால் என்கிற அர்த்தம். ஆங்கில "இவென்ச்சுவலி" என்றால் முன்னே பின்னே ஆனாலும் கடைசியில் நிச்சயம் நடக்கும். உங்கள் விருந்தினர் சொல்ல நினைத்தது "ஒருவேளை இங்கே சாப்பிட்டாலும் சாப்பிடுவோம்". உங்கள் காதில் விழுந்தது "எப்படியும் வருவோம்". அதே மாதிரி அவர்களுடைய "அக்துஆல்னியே" என்றால் இப்போது, தற்சமயம், ஆனால் ஆங்கில "ஆக்சுவலி" என்றால் உண்மையில். "ஆக்சுவலி ஐ லிவ் இன் வார்சா" என்றால் உங்களைத் திருத்துகிறார் என்று நினைக்காதீர்கள், இப்போதைக்கு அங்கே இருக்கிறேன் என்கிறார்.

"சிம்பதெட்டிக்" பெரிய பாராட்டு. போலிஷில் "சிம்பாதிச்னி" என்றால் பழக இனிமையானவர். நோட்டை மூடிவைக்காமல் வரவேற்பறையிலேயே திறந்து வையுங்கள்.

நீங்கள் பேசும்போதும் சில இடத்தில் கவனம் வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாடு "ஆர்டினரி" என்று அடக்கமாகச் சொல்வோம் இல்லையா, அவர்கள் மொழியில் "ஒர்டினார்னி" என்றால் நாகரிகமற்ற, கொச்சையான. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் சரியாகவே எடுத்துக்கொள்வார், அரைகுறையாகத் தெரிந்தவர் ஒரு கணம் விழிப்பார். "சிம்பிள் ஹோம் ஃபுட்" என்று சொல்லிவிடுங்கள். மலை ஜாம் பாட்டில்களில் "நோ பிரிசர்வேட்டிவ்ஸ்" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து அவர்கள் தங்களுக்குள் சிரித்தால் கோபப்படாதீர்கள், போலிஷில் அந்த ஓசைக்குக் கிட்டத்தட்ட இருக்கிற சொல்லுக்கு ஆணுறை என்று அர்த்தம். கிளம்பும்போது யாராவது "பாரகோன்" கேட்டால் பில் கேட்கிறார்கள், நம் ஊரில் அந்த ஓசைக்குச் செருப்பு ஞாபகம்தான் வரும்.

நம்மிடமும் இந்த மாதிரி நிறைய உண்டு. பீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பட்டுப்புடவையும் பத்திரமும் வைக்கிற இரும்பு அலமாரி. போலிஷில் "பியூரோ" என்றால் ஆபீஸ். ஆங்கிலத்தில் அது அரசு அலுவலகமாகவோ எழுதுகிற மேசையாகவோ இருக்கும், அமெரிக்காவில் துணி மடித்துவைக்கிற இழுப்பறைப் பெட்டி. ஒரே பிரெஞ்சுச் சொல்தான், மூன்று வீட்டில் மூன்று விதமாக வாழ்க்கைப்பட்டிருக்கிறது. "என் சாவி பீரோவில் இருக்கிறது" என்று ஒரு போலந்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், உங்கள் ஆபீஸ் எங்கே என்று கேட்பார்.

சர்க்கஸ் விஷயம்: அது போலிஷ் வழக்கு. என் சர்க்கஸும் இல்லை, என் குரங்குகளும் இல்லை, அதாவது இது என் பாடு இல்லை, நான் தலையிட மாட்டேன். அப்படியே மொழிபெயர்க்கப்பட்டு இப்போது ஆங்கிலத்திலும் புழங்குகிறது, அதனால் அவர் சொன்னதில் தவறே இல்லை. நீங்கள் ஜன்னலை மூடியதிலும் தவறில்லை, கொடைக்கானலில் குரங்கு என்றால் குரங்குதான்.

டீச்சர், எனக்கு 36 வயது. இந்த வயதுக்கு மேல் ஆங்கிலத்தில் உயர்ந்த நிலைக்குப் போக முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள்.
— வாசகர், ஊட்டி

முடியும். ஜோசப் கான்ராட் 1857-இல் பிறந்த போலந்துக்காரர். தாய்மொழி போலிஷ், அடுத்துப் பிரெஞ்சு, கப்பல் வேலைக்காக 1878-இல் இங்கிலாந்து போய் இறங்கியபோது வயது இருபது, ஆங்கிலம் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வந்தது. முதல் நாவல் வெளியானது 1895-இல், 37 வயதில். ஆங்கில இலக்கியத்தில் இன்றைக்கும் அவருக்கு முன்வரிசை இடம். போலிஷ் வாடை அடிக்கிற உச்சரிப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை, அது போக வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு ஒரு வயது குறையவும் செய்கிறது, அடுத்த பிறந்தநாள் வரைக்கும்.

தேர்வை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்றால் இன்னொரு தகவல். கேம்பிரிட்ஜ் தன் மிக உயர்ந்த ஆங்கிலத் தேர்வை முதன்முதலில் 1913-இல் நடத்தியபோது எழுதியவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் தேறவில்லை. அந்தத் தேர்வுதான் இன்றைக்கு சி2 என்கிற பெயரில் உலகமெங்கும் நடக்கிறது.

டீச்சர், மஞ்சூர் பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். வேலை முடித்து இரவில் ஆங்கிலச் சொற்கள் படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் மனப்பாடம் செய்கிறேன், பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஐந்துகூட நினைவில் இல்லை. மூளையில் கோளாறா?
— வாசகர், மஞ்சூர்

மூளை நன்றாகவே இருக்கிறது, மறப்பதுதான் அதன் இயல்பு. 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதிவைத்தார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் பெரும்பகுதி கரைகிறது, அப்புறம் கரைகிற வேகம் குறைகிறது. ஆகவே ஐம்பதை ஒரே இரவில் பத்துத் தடவை படிப்பதைவிட, ஐந்தை எடுத்து இடைவெளி விட்டு விட்டுப் படிப்பது எத்தனையோ மேல்.

இதைக் கணினிக்குள் கொண்டுவந்தவர் ஒரு போலந்துக்காரர் என்பது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். பியோத்ர் வோஜ்னியாக், போஸ்னான் நகரத்து மாணவர். உயிரியல் பாடமும் ஆங்கிலச் சொற்களும் நினைவில் நிற்கவில்லை என்று உங்களைப் போலவே தவித்தவர். 1985-இல் காகிதத்தில் கேள்வி, பதில் எழுதி, எத்தனை நாள் இடைவெளியில் திரும்பப் பார்த்தால் மறக்காமல் இருக்கிறது என்று தன் மேலேயே சோதித்தார். 1987-இல் அதைக் கணினி நிரலாக்கினார், பெயர் சூப்பர்மெமோ. இன்றைக்கு உலகம் முழுக்க மாணவர்கள் போனில் வைத்திருக்கிற அன்கி செயலி அவருடைய அந்தக் கணக்கின் மேல்தான் எழுந்தது. கணக்கு ரொம்ப எளிது. இன்றைக்கு ஒரு சொல் படித்தால் மறுநாள் பார்க்க வேண்டும், அது நினைவிருந்தால் ஆறு நாள் கழித்து, அதுவும் நினைவிருந்தால் இடைவெளியை ஏறத்தாழ இரண்டரை மடங்கு நீட்டலாம், அதாவது பதினைந்து நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். மறந்துவிட்டால் வருத்தப்படாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டம் வைத்திருப்பவருக்கு இது புதிதா? ஒரு செடியில் இன்றைக்குக் கிள்ளினால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் அதே செடிக்குத் திரும்பி வருகிறீர்கள். மறுநாளே போனால் கொழுந்து வந்திருக்காது, ஒரு மாதம் விட்டால் முற்றிப்போகும். சொல்லுக்கும் அந்தச் சுற்று உண்டு, வித்தியாசம் என்னவென்றால் சொல் விஷயத்தில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட நீளமாகிக்கொண்டே போகும்.

அட்டையில் எழுதும் முறையையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறு பக்கம் தமிழ் அர்த்தம் என்று எழுதாதீர்கள். முழு வாக்கியம் எழுதி ஒரு சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள், வாக்கியம் உங்கள் தோட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். "ஃபிராஸ்ட் டிட் சீரியஸ் டேமேஜ் டு அவர் டீ" என்று எழுதி "டிட்" இடத்தை விடுங்கள். உறைபனி விழுந்து செடி கருகின காலையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள், அந்த வாக்கியம் மறக்காது, அதோடு சேர்ந்து "டேமேஜ்" என்பதற்கு "மேக்" வராது, "டூ" தான் வரும் என்பதும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து அட்டை போதும். வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மேடம், கூடலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "புட் ஆஃப்", "புட் அப் வித்", "லுக் ஆஃப்டர்" மாதிரியான ஃப்ரேசல் வெர்ப்கள் என்னைக் கொல்கின்றன. ஒரே "புட்", பின்னால் வருவது மாறினால் அர்த்தமே மாறுகிறது. போலந்து மாணவர்களும் இப்படிக் கஷ்டப்படுகிறார்களா? இதற்குப் பதில் பெரிய சொற்களைக் கற்றுக்கொண்டால் போதாதா?
— மாணவர், கூடலூர்

தம்பி, நல்ல கேள்வி, இதற்குத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

அவர்களும் கஷ்டப்படுகிறார்கள், ஆனால் கஷ்டப்பட வேண்டியதே இல்லை என்று நான் முதல் வகுப்பிலேயே சொல்வேன். போலிஷில் எழுது என்பதற்கு "பிசாச்". அதன் முன்னால் ஒரு சின்ன ஒட்டைப் போட்டால் போதும், "ஸபிசாச்" என்றால் குறித்துவை, "பொத்பிசாச்" கையெழுத்துப் போடு, "ஒபிசாச்" வர்ணி, "ப்ஷெபிசாச்" பார்த்து எழுது, டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பதும் அதுவே. ஒரே எழுது, முன்னால் வருவது மாறினால் அர்த்தம் மாறுகிறது. அவர்களுக்கு ஒட்டு முன்னால் வருகிறது, ஆங்கிலத்துக்குப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டினால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

நமக்கு? எழுதிவை, எழுதிவிடு, எழுதிக்கொள், எழுதிக்கொடு, எழுதிப்பார், எழுதித்தள்ளு. இதை உனக்கு யாராவது அட்டவணை போட்டுச் சொல்லித்தந்தார்களா? எழுதிவிடு என்றால் முடித்துவிடு என்றும், எழுதிப்பார் என்றால் வருகிறதா என்று முயற்சி செய் என்றும், எழுதித்தள்ளு என்றால் மலைமலையாக எழுது என்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். பார் என்றால் கண்ணால் பார்ப்பதுதானே, எழுதிப்பாரில் கண் எங்கே வந்தது? அந்தக் கேள்வியே உனக்கு எழுந்ததில்லை. ஆங்கிலேயருக்கு "புட் ஆஃப்" அப்படித்தான்.

இன்னும் கிட்டத்தில் வந்து பார். "புட் ஆஃப்" என்றால் தள்ளிப்போடு. போடு என்றால் "புட்" தானே, தள்ளி என்றால் அந்தப் பக்கம், "ஆஃப்". ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துகிறது, நாம் இதைக் கவனித்ததே இல்லை. "லுக் ஆஃப்டர்" என்றால் பார்த்துக்கொள், அங்கேயும் பார், இங்கேயும் "லுக்". "கிவ் இன்" என்றால் விட்டுக்கொடு, இரண்டு பக்கமும் கொடு இருக்கிறது. எல்லாம் இப்படிப் பொருந்தாது, "புட் அப் வித்" பொருந்தாது, பொறுத்துக்கொள் என்பதில் போடு இல்லை. ஆனால் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, தமிழ்க் கூட்டுவினை ஒரு பக்கம், ஆங்கிலம் மறு பக்கம் என்று நீயே தேடித்தேடி எழுத ஆரம்பித்தால், பொருந்துவதும் நினைவிருக்கும், பொருந்தாததும் அந்தப் பொருந்தாமைக்காகவே நினைவிருக்கும்.

பெரிய சொல் போதாதா என்று கேட்டாய். போதாது. போலிஷில் லத்தீன் வழிவந்த சொற்கள் ஏராளம், "டாலரேட்" மாதிரியே அவர்களிடம் "தொலெரொவாச்" இருக்கிறது, "கன்டின்யூ" மாதிரியே "கொந்தினுவொவாச்" இருக்கிறது. அதனால் பெரிய ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன, எங்கேயும் அதையே போடுகிறார்கள். "ஐ கேனாட் டாலரேட் மை நெய்பர்ஸ் டாக்" என்பார் ஒருவர். தவறில்லை, ஆனால் மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. நண்பனிடம் பேசுகிறவர் "ஐ கான்ட் புட் அப் வித்" என்பார். நாமும் இதே வழியில்தான் போகிறோம், காரணம்தான் வேறு. நம் ஆங்கிலம் அரசு ஆபீஸிலிருந்தும் கடிதத்திலிருந்தும் வந்தது, அதனால் "பர்ச்சேஸ்", "கமென்ஸ்", "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" எல்லாம் தடையில்லாமல் வருகிறது, "பிக் அப்", "செட் ஆஃப்", "சார்ட் அவுட்" வருவதில்லை. உயர்நிலை ஆங்கிலம் என்றால் நீளமான சொல் என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். அகராதியைத் திறந்து "கெட்" என்கிற சொல்லுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார், "நெவர்தெலஸ்" எத்தனை வரி என்று பார். உயரம் அந்தக் குட்டிச் சொல்லில்தான் இருக்கிறது. கெட், புட், டேக், டர்ன், செட், இந்த ஐந்தோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்து.

ஒரு எச்சரிக்கை மட்டும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, ஆராய்ச்சிக் கட்டுரையில், "டாலரேட்"டும் "போஸ்ட்போன்"னும் தான் வேண்டும். எங்கே எது என்று தெரிவதுதான் சி1-க்கும் சி2-க்கும் நடுவில் இருக்கிற தூரம்.

டீச்சர், எங்கள் பள்ளிக் காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போலந்துப் பழமொழி ஏதாவது நான்கைந்து சொல்லுங்களேன், ஆங்கிலத்திலும் தமிழிலும் அதற்கு இணையானதோடு.
— எட்டாம் வகுப்பு மாணவி, அருவங்காடு

சொல்கிறேன் கண்ணு, எழுதிக்கொள்.

ஒரு வேலை ரொம்ப சுலபம் என்றால் போலந்தில் "வெண்ணெய் தடவிய பன்" என்பார்கள், ஆங்கிலத்தில் "எ பீஸ் ஆஃப் கேக்", நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பார், மூன்று பேருக்கும் சுலபம் என்றால் தின்பதுதான் ஞாபகம் வருகிறது. சொன்னால் கேட்காதவரிடம் பேசுவது, அவர்களுக்கு "சுவரில் பட்டாணி எறிவது", நமக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு. சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவது, அவர்களுக்கு "ஊசியைக் கவைக்கோலாக்குவது", ஆங்கிலேயருக்கு எலி மாதிரி மண்ணைத் தோண்டுகிற மோல் என்ற பிராணியின் மண்குவியலை மலையாக்குவது, நமக்கு ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது. இருக்கிற இடத்துக்கே அதைக் கொண்டுபோவது, அவர்களுக்கு "காட்டுக்கு விறகு ஏற்றிப்போவது", ஆங்கிலேயருக்கு நியூகாசிலுக்கு நிலக்கரி, ஏனென்றால் அது நிலக்கரி ஊர், நமக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவு காண்பவரை "நீல பாதாம்களை நினைக்கிறான்" என்பார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நீயே யோசித்துக் கூட்டத்தில் சொல்.

கடைசியாக ஒன்று. எப்போதோ ஒரு தடவை நடப்பதற்கு அவர்கள் "ரஷ்ய வருடத்துக்கு ஒருமுறை" என்பார்கள், ஆங்கிலத்தில் "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்". ஒரே மாதத்தில் இரண்டாவதாக வருகிற பௌர்ணமிக்கு ப்ளூ மூன் என்று பெயர், இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ வந்துவிடும், அது ஒன்றும் அத்தனை அபூர்வமில்லை. நாம் அத்தி பூத்தாற்போல என்கிறோம். நான் என் போலந்து மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தந்தபோது கூடவே குறிஞ்சியையும் சொன்னேன், பழனி மலையில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும் என்று படமும் காட்டினேன். அடுத்த வாரம் ஒருவர் வீட்டுப்பாடத்தில் "மை பிரதர் கால்ஸ் மீ ஒன்ஸ் இன் எ குறிஞ்சி" என்று எழுதியிருந்தார். "எ" சரியான இடத்தில் இருந்தது. நான் அதை அடிக்கவில்லை, தேர்வில் மட்டும் எழுத வேண்டாம் என்று ஓரத்தில் குறித்தேன்.